அம்மாப் பாட்டைப் பற்றி நீ கேட்ட அபிப்பிராயம்

அனிப் பிள்ளை,

இதை நீ எழுத்துக் கூட்டி மெதுவாகத்தான் வாசிப்பாய் என்று எனக்குத் தெரியும். இங்கே லண்டனில், சட்டன் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விடும்போது காரை விட்டு இறங்கமாட்டேன் என்று நீ அழுதாயே, அந்த அழுகையின் பலன் இன்றைக்குத்தான் எனக்குக் கிடைக்கிறது. ஆங்கிலத்தில் எழுதியிருக்கலாம். ஆனால் என் ஆங்கிலம் பெற்றோல் நிலைய ஆங்கிலம். பம்ப் நம்பர் கேட்கவும், ரசீது வேண்டுமா என்று கேட்கவும், மழையைப் பற்றி நாலு வார்த்தை கதைக்கவும் அது போதும். பெற்ற பிள்ளையிடம் மனதில் கிடப்பதைச் சொல்ல அது காணாது. அவசரமில்லாமல் வாசி என்று சொல்லத்தான் ஆசை, ஆனால் வெள்ளிக்கிழமை உனக்கு விமானம். அமெரிக்காவில் அந்த அம்மாப் பாட்டைத் திரும்பவும் ஒலிப்பதிவு செய்யப் போகிறாய். அதற்கு முதல் நீ இதை வாசித்து முடிக்க வேண்டும். அதனால்தான் காலை ஷிப்ட் முடிந்து வந்தவுடன், உடுப்புக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

உன் பாட்டு அல்பம் வெளிவந்த அன்று நீ தொலைபேசி எடுத்தாய். "அப்பா, முழுக்கக் கேட்டிட்டு உங்கட உண்மையான அபிப்பிராயத்தைச் சொல்லுங்கோ. நல்லாயிருக்கு எண்டு மட்டும் சொல்லாதேங்கோ" என்றாய். நீ என்னிடம் கேட்டது அவ்வளவுதான். நான் என்ன செய்தேன்? தொலைபேசியை வைத்த கையோடு கோயில் குரூப், ஊர்ச்சங்க குரூப், கனடாச் சொந்தக்காரர் குரூப் என்று ஒன்று விடாமல் எல்லாவற்றுக்கும் உன் அல்பத்தை அனுப்பி, "என் மகளின் பாட்டு, எல்லோரும் தயவுசெய்து ஐந்து நட்சத்திரம் போட்டு நல்ல கருத்து எழுதவும்" என்று கும்பிட்ட கை படத்தோடு செய்தி போட்டேன். ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிவில் பாதரைக் கொண்டு அறிவித்தலும் கொடுப்பித்தேன். பாடகர் குழுவில் ஆர்மோனியம் வாசிக்கிற சேவியர் அண்ணை, பூசைக்குப் பிறகு தேநீர் குடிக்கிற மண்டபத்தில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்து, வயதானவர்களின் தொலைபேசிகளை ஒவ்வொன்றாக வாங்கித் தானே நட்சத்திரம் குத்திக் கொடுத்தார். எங்கள் ஆட்கள் ஒரு பிள்ளைக்கு உதவி செய்ய இறங்கினால் லேசில் விடமாட்டார்கள், உனக்குத் தெரியும்.

அந்தக் கருத்துகளை நானும் வாசித்துப் பெருமைப்பட்டேன், அதுதான் வெட்கக்கேடு. "வாழ்த்துக்கள் மகள்." "மாதாவின் ஆசீர் உன்னோடு." "பெரியபிள்ளையான சாமத்தியவீட்டில் கண்ட பிள்ளை, எப்படி வளர்ந்துவிட்டாய்." கனடாவில் இருக்கிற உன் அம்மாவின் ஒன்றுவிட்ட தங்கை, அல்பம் என்றவுடன் கலியாண அல்பம் என்று நினைத்து, "மாப்பிள்ளை எந்த ஊர்?" என்று எழுதிவிட்டாள். ஒருவராவது பாட்டைப் பற்றி ஒரு சொல் எழுதவில்லை. எழுதுவதற்குக் கேட்டிருக்க வேண்டுமே! இரண்டு நாளில் அந்தப் பாட்டு இணையத்தளத்துக்காரர்கள் எல்லாவற்றையும் துடைத்து எறிந்தார்கள்.

நீ மறுபடி தொலைபேசி எடுத்தாய். கோபமாகக் கத்தியிருந்தால் நான் சமாளித்திருப்பேன். நீ மெல்லிய குரலில் சொன்னாய்: "அப்பா, ஆரோ கூலிக்கு எழுதுவிச்சது எண்டு நினைச்சு எல்லாத்தையும் எடுத்துப்போட்டாங்கள். ஸ்கொட்லண்டில ஒரு மனிசி ஒவ்வொரு பாட்டைப் பற்றியும் நீளமா எழுதியிருந்தவ. அதுவும் போயிட்டுது." நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "அதை விடுங்கோ. நீங்கள் கேட்டனீங்களோ?" என்றாய். "நல்லாயிருக்கு பிள்ளை" என்று என் வாய் தன்பாட்டில் சொன்னது. பிறகு "சரியப்பா" என்றாய். அந்தச் "சரியப்பா" என்னைக் குத்திய மாதிரி எந்த ஏச்சும் குத்தியதில்லை.

ஏன் கேட்கவில்லை என்று சொல்லிவிடுகிறேன். பயம். அல்பத்தில் அம்மாவைப் பற்றி ஒரு பாட்டு இருக்கிறது என்று நீ முதலே சொல்லியிருந்தாய். அவள் போனபின் அவளுடைய சமையலறை அலுமாரியைத் திறக்கவே எனக்குப் பல மாதம் எடுத்தது. வீட்டில் தனியே உட்கார்ந்து அந்தப் பாட்டைக் கேட்டால் என்ன ஆவேனோ என்று நினைத்தேன். ஆகவே ஒரு வழி கண்டுபிடித்தேன். ஸ்ட்ரெதமில் எங்கள் பெற்றோல் நிலையக் கடையில் காலையில் நான்தான் கல்லாவில். அங்கே பாட்டுப் போட ஒரு பெட்டி உண்டு. சனம் வந்துகொண்டே இருக்கும், கண்கலங்க நேரம் கிடைக்காது. உன் அல்பத்தை அங்கே போட்டேன்.

முதல் நாள் சும்மா கேட்டேன். இரண்டாம் நாள் எனக்கு ஒரு யோசனை வந்தது. கோயில் ஆட்களிடம் கேட்டால் நட்சத்திரம் தருவார்கள். இந்தச் சனத்துக்கு நீ யாரென்று தெரியாது, நான் யாரென்றும் தெரியாது. உண்மையைச் சொல்வார்கள். அன்றிலிருந்து கல்லாவில் என் கேள்வி இரண்டாயிற்று: "பம்ப் நம்பர் என்ன? பாட்டு எப்படி?" எங்கள் மனேஜர் பெடியன், "அங்கிள், இது கடையா, ரேடியோ ஸ்டேசனா?" என்று கேட்டான். நீ உன் வேலையைப் பார் தம்பி என்றேன்.

என்னென்ன சொன்னார்கள் தெரியுமா? காதில் எதையோ மாட்டிக்கொண்டு வந்த ஒரு பெடியன், அதைக் கழற்றி ஒரு நிமிடம் கேட்டுவிட்டு, "நித்திரை வருகிறது" என்று சொல்லித் திரும்ப மாட்டிக்கொண்டு போனான். அவனை அப்படியே கடையை விட்டுத் துரத்தலாம் போல இருந்தது, ஆனாலும் மூன்றாவது பாட்டு நேரத்தில்தான் அவன் வந்தான், மூன்றாவது பாட்டு எனக்கும் இழுவையாகத்தான் இருக்கிறது. போலந்துக்காரர் ஒருவர், வான் ஓட்டுகிறவர், ட்ராம் பாட்டைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். கன்ட்ரி என்கிற அமெரிக்க நாட்டுப்புறப் பாட்டென்றால் ரயில் கூவிக்கொண்டு போகும், இவள் குரோய்டன் ட்ராமை ஏற்றிவிட்டாளே என்றார். பெயரை எழுதி வாங்கிக்கொண்டும் போனார். ஆஸ்பத்திரி வேலை முடிந்து வருகிற ஒரு நேர்ஸ், பெற்றோல் அடித்து, கடைக்குள் வந்து, எல்லாம் முடிந்த பிறகும் கதவடியில் நின்று அந்தக் கடைசிப் பாட்டை முழுக்கக் கேட்டாள். வெளியே பின்னால் நின்ற கார்க்காரர்கள் ஹோர்ன் அடித்துக் கிழித்தார்கள். அவள் அசையவில்லை. எனக்கு அவளைக் கட்டிப்பிடித்து அழ வேண்டும் போல இருந்தது. கட்டட வேலை செய்கிற ஐரிஷ்காரர் ஒருவர், தினமும் தேநீருக்கு வருகிறவர், நாலைந்து நாள் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்: "குரல் தங்கம். ஆனால் அந்த ட்ரம்காரனுக்கு அவளோடு ஏதும் பகையா? ஏன் அவளைப் பேசவிடுகிறானில்லை?" ட்ரம் அடிப்பது ஆளில்லை, கொம்பியூட்டர் என்று நீ எனக்குச் சொன்னதை அவருக்குச் சொன்னேன். "அப்படியென்றால் வயரைக் கழற்றச் சொல்லு" என்றார்.

இனி நான் சொல்ல வந்த விசயத்துக்கு வருகிறேன். மிஸ் பேர்ள் என்று ஒரு மனிசி. ஜமேக்காவில் பிறந்தவ, முந்தி லண்டன் பஸ்ஸில் கொண்டக்டராக இருந்தவ, காலைப் பேப்பர் வாங்க வருவா. அவர்களுடைய பழைய ஆட்களுக்குக் கன்ட்ரி பாட்டு என்றால் உயிராம், உனக்குத் தெரியுமா? மன்னாரில் என் வாலிப வயதில் ரேடியோவுக்குப் பக்கத்தில் நாங்கள் கிடந்த மாதிரி, ஞாயிற்றுக்கிழமை அவர்களும் கிடந்தார்களாம். அவ கேள்விக்குக் காத்திருப்பதில்லை, வரும்போதே அபிப்பிராயத்தோடுதான் வருவா. அன்று வந்த நேரம் அம்மாப் பாட்டு. பேப்பரைக் கல்லாவில் வைத்து, முழங்கையை ஊன்றி, கடைசி வரை கேட்டா. நல்ல பாட்டு என்றா. பிறகு, "இந்தப் பிள்ளையின் தாய் செத்து எவ்வளவு காலம்?" என்று கேட்டா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாட்டில் செத்தது என்று ஒரு வரிகூட இல்லை. எப்படித் தெரியும் என்று கேட்டேன். "உயிரோடு இருக்கிற தாயைப் பற்றி யாராவது இவ்வளவு மரியாதையாகப் பாடுவார்களா? மெல்லப் பேசுகிறாள், சிரித்துக்கொண்டே இருக்கிறாள், எல்லாரையும் ஆசீர்வதிக்கிறாள். ஏன், அந்த மனிசிக்குக் கோபமே வராதா?" என்றா. நான் அதுவரை கடையில் ஒருவருக்கும் சொல்லாததை அவவுக்குச் சொன்னேன். "அது என் மகள். அந்த மனிசி என் மனைவி." அவ என் கைமேல் தன் கையை வைத்தா. மன்னிப்புக் கேட்கவில்லை. "அப்ப உனக்குத்தானே தெரியும். கோபம் வருமா, வராதா?" என்றா. நான் சிரிக்கத் தொடங்கினேன், பிள்ளை. கல்லாவில் நின்று, வரிசையில் சனம் பார்க்க, கண்ணீர் வரச் சிரித்தேன். மனேஜர் பெடியன் ஓடிவந்து எனக்குத் தண்ணீர் தந்தான்.

அந்தப் பாட்டின் வரிகள் எங்கிருந்து வந்தவை என்று எனக்கு அப்போதுதான் பிடிபட்டது. அம்மாவின் முப்பத்தோராம் நாள் பூசைக்கு நாங்கள் அச்சடித்த நினைவு மலர். சேவியர் அண்ணைதான் கவிதை எழுதித் தந்தார். "பொறுமையின் உருவமே, அதிர்ந்து பேசா அன்னையே, புன்னகை மாறா முகமே." நீ அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லுக்கும் ஆங்கிலத்தில் கருத்துக் கேட்டாய். புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மேலே போனாய். அதைத்தான் பாட்டாக்கியிருக்கிறாய். உன்மேல் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் ஒரு விசயம் உனக்குத் தெரியாது, எங்கள் ஆட்களின் எல்லா நினைவு மலரிலும் எல்லாப் பெண்களும் அதிர்ந்து பேசாதவர்கள்தான். படம் மட்டும்தான் மாறும். அந்தக் கவிதையும் கோயில் மண்டபத்து ஐந்து நட்சத்திரமும் ஒரே சாதி. அன்புதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஆளைப் பார்த்து எழுதினதில்லை.

அதிர்ந்து பேசாத அன்னை! உன் அம்மா! மாதாவே. அவள் சமையலறையில் இருந்து உன்னைக் கூப்பிட்டால் பக்கத்து வீட்டு நாய் எழும்பிக் குரைக்கும். குரோய்டனில் அந்தப் பெரிய அலுவலகக் கட்டடத்து வாசலில், மழைக்குள், விசாவுக்காக நாங்கள் வரிசையில் நின்ற நாளில் நீ கைக்குழந்தை. வரிசை ஒழுங்கைப் பற்றிக் காவல்காரன் ஏதோ சொல்ல, ஒரு சொல் ஆங்கிலம் தெரியாத உன் அம்மா, தனித் தமிழில், நிறுத்தாமல் அவனுக்குக் கொடுத்தாளே ஒரு ஏச்சு! அந்த ஆள் பயந்துபோய்ப் பிள்ளை நனையாமல் தன் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றான். நத்தார்க் கரோல் பாட்டுக்கு உன்னைப் பின்வரிசையில் விட்டார்கள் என்று சேவியர் அண்ணையைக் கோயில் மண்டபத்தில் எல்லாருக்கும் முன்னால் பிடித்துக் கேட்டவள் அவள். அதே சேவியர் அண்ணைதான் பிறகு அதிர்ந்து பேசாதவள் என்று எழுதினார். எழுதும்போது அவருக்கே சிரிப்பு வந்திருக்கும்.

நீ பார்மசிப் படிப்பை ஒரு வருடம் நிறுத்திவைத்துவிட்டுப் பாடப் போகிறேன் என்று சொன்ன அன்று வீடு என்ன பாடு பட்டது என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. "மாட்டுக்காரன் பாட்டுப் பாடவோ நாங்கள் உன்னை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்தனாங்கள்?" என்றாள். நீ கிற்றாரைத் தூக்கிக்கொண்டு சிநேகிதியின் வீட்டுக்குப் போய்விட்டாய். எத்தனை மாதம் நீங்கள் இரண்டு பேரும் கதைக்கவில்லை! பிறகு நீ படிப்புக்குத் திரும்பினாய், அவளும் வருத்தம் வந்து படுக்கையில் விழுந்தாள், இரண்டு பேரும் கதைத்தீர்கள். மருந்து, சாப்பாடு, குளிர் எல்லாம் கதைத்தீர்கள். பாட்டைப் பற்றி மட்டும் ஒரு சொல் இல்லை. செத்தவீட்டில் நீ என் தோளில் சாய்ந்து, "அம்மா ஒருநாளும் நான் பாடினதைக் கேக்கேல்ல" என்று அழுதாய். உன் பாட்டில் அம்மா கதவடியில் நின்று, நீ பாடுவதைக் கேட்டுப் புன்னகைத்து, தலையில் கைவைத்து ஆசீர்வதிக்கிறாள். உனக்குக் கிடைக்காததை நீயே எழுதிக்கொண்டாய்.

இப்போது என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன், கோபிக்காதே. மற்றப் பாட்டுகளில் ட்ராம் பாட்டும் கடைசிப் பாட்டும் முதல் தரம். ட்ரம் கூடிப்போச்சு. மூன்றாவது பாட்டு வேண்டாம். ஆனால் அம்மாப் பாட்டு, மெட்டு நல்லது, குரல் நல்லது, உள்ளே உன் அம்மா இல்லை. நான் தேடித் தேடிக் கேட்டேன், அவளைக் காணவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் அவளோடு சண்டை பிடித்து வாழ்ந்தவன் சொல்கிறேன். இதைச் சொன்னால் நீ உடைந்துபோவாயோ, அங்கே போய்ப் பாட வராமல் நிற்பாயோ என்று இந்த வாரம் முழுக்க யோசித்தேன். சொல்லாமல் விட்டால் நீ அந்த நினைவு மலர்ப் பெண்ணையே வாழ்நாள் முழுக்க மேடையில் பாடிக்கொண்டிருப்பாய். உனக்கு அது போதாது, பிள்ளை. அதனால் நடந்ததைச் சொல்கிறேன். அதைப் பாடுவதும் விடுவதும் உன் விருப்பம்.

நீங்கள் கதைக்காமல் இருந்த அந்த மாதங்களில், குரோய்டனில் ஒரு பப்பின் மேல்மாடியில் நீ பாடினாய். அந்த அறிவித்தலை எனக்கு மட்டும்தான் அனுப்பியிருந்தாய். எப்படிக் கண்டுபிடித்தாளோ தெரியாது, அந்தச் சனிக்கிழமை பின்னேரம் அம்மா கோயிலுக்குப் போடுகிற கார்டிகனைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். "இஞ்சாருங்கோ, காரை எடுங்கோ" என்றாள். எங்கே என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பப்புக்குள் கால் வைத்து, தேநீர் இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றதும் மது ஊற்றுகிற பெடியனை ஒரு பார்வை பார்த்தாள். மேலே போய், உனக்குத் தெரியாத மாதிரி, தூணுக்குப் பின்னால் நின்றோம். பூசையில் நிற்கிற மாதிரிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

பின்னால் ஒருவன் ட்ரம் அடிக்க நீ முதல் பாட்டைப் பாடும்போது, எங்களுக்குப் பக்கத்து மேசையில் குடித்துவிட்டு நாலைந்து பேர் பெரிதாகச் சிரித்துக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். நீ அவர்களை இரண்டு மூன்று தடவை பார்த்தாய், உன் குரல் நடுங்கியது. இரண்டாவது பாட்டைத் தொடங்கினாய். உன் அம்மா அந்த மேசைக்குப் போனாள். நடுவில் நின்று, இடுப்பில் ஒரு கையை வைத்து, மற்றக் கை விரலை நீட்டி, "வாயை மூடுங்கோடா! பிள்ளை பாடுறாள் தெரியேல்லையோ?" என்றாள். அவர்களுக்கு என்ன தமிழா தெரியும்? ஆனால் நல்லாய் விளங்கியது. அந்த மேசை அடங்க, அதைப் பார்த்து அடுத்த மேசை அடங்க, அறையே அடங்கிப்போனது. நீ கண்ணை மூடிக்கொண்டு, ட்ரம் சத்தத்தில் ஒன்றும் கேளாமல் பாடிக்கொண்டிருந்தாய். "அப்பா, ரெண்டாவது பாட்டுக்கு முழுச் சனமும் அமைதியாயிட்டினம், அண்டைக்குத்தான் எனக்கு நம்பிக்கை வந்தது" என்று மறுநாள் எனக்குச் சொன்னாயே. அது உன் அம்மா.

முடிய முதலே என்னை இழுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். கார் சட்டன் ரோட்டுக்குத் திரும்பியது. பிறகு தொடங்கினாள். "அந்த ட்ரம்காரனை நிப்பாட்டச் சொல்லுங்கோ, பிள்ளையின்ர குரல் கேக்கேல்ல. சாப்பிடுறாளில்லைப் போல, கழுத்தெல்லாம் எலும்பு. குரல் மேல போகேக்க பயப்பிடுறாள், என்னத்துக்குப் பயம், நல்லாத்தானே போகுது." அப்படியே வீடு வரை ஏச்சு. காரை நிறுத்தியதும் இறங்காமல் இருந்தாள். முகத்தைத் துடைத்தாள். "நல்லாப் பாடுறாள், என்ன? என்ர பிள்ளை நல்லாப் பாடுறாள்" என்றாள். நான் உன்னைக் கூப்பிட்டுச் சொல்லட்டா என்று தொலைபேசியை எடுத்தேன். அதைப் பறித்துத் தன் கைப்பைக்குள் போட்டாள். "சொல்லிப்போடாதேங்கோ. பிறகு படிக்கமாட்டாள்" என்றாள். நான் அவளுக்கு வாக்குக் கொடுத்தேன்.

நீ படித்து முடித்துவிட்டாய், பிள்ளை. அதனால் சொல்கிறேன்.

அப்பா